பார்த்தவர் பேசட்டும்: ‘வாழவைக்கிறது’ அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் அவர்களுக்கும், எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், விடுமுறை நாள் மாலையில் பெங்களூரின் நெரிசலைக் கடந்து அல்சூர் வரை வந்து அரங்கை நிறைத்திருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் என் பணிவான வணக்கம்.

படம் பார்த்தவர்கள் போகிற போக்கில் சொல்லும் கருத்து திரைப்படத்தை வாழவைக்கிறதா, வீழ்த்துகிறதா என்பது இன்று நம்முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி. வாழவைக்கிறது என்று நிலைநாட்ட நான் எழுந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் தம் வாதத்தை வலுவாகவே வைத்தார். பல நூறு பேர் ஆண்டுக்கணக்கில் உழைத்த ஒரு படத்தை, இடைவேளையில் செல்பேசியைத் திறந்து ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள் என்றார். ‘அன்பே சிவம்’ போன்ற நல்ல படங்கள் வெளியான நாளில் தோற்றுப்போனதற்கு இந்தப் பேச்சே காரணம் என்றார். காசு வாங்கிக்கொண்டு புகழ்பவர்களும் காசு கிடைக்காததால் இகழ்பவர்களும் பெருகிவிட்டார்கள் என்றார். நிறைவாக, ஒரு படம் வெளியான முதல் மூன்று நாட்களுக்காவது அதைப் பற்றி யாரும் கருத்துச் சொல்லாமல் இருக்க ஏற்பாடு வேண்டும் என்று கேட்டு அமர்ந்தார். அனைத்துக்கும் விடை சொல்வேன். ஆனால் அதற்குமுன், நாங்கள் யாருக்காகப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும், ஏனென்றால் எதிரணியினர் படம் பார்த்தவரையும் படத்தை வைத்துப் பிழைப்பவரையும் ஒரே கூண்டில் நிறுத்திவிட்டார்கள்.

நாங்கள் யாரைச் சொல்கிறோம் என்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம். 2023 ஜனவரியில், ஒரு பெரிய படம் வெளியான அன்று சென்னையில் ஒரு ரசிகர் உயிரிழந்தார். அதன்பின் தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்றுபோய், பெரிய நட்சத்திரங்களின் படங்களுக்கும் முதல் காட்சி காலை 9 மணி என்றாகிவிட்டது. பெங்களூரிலோ அத்தகைய படங்கள் விடியற்காலையிலேயே திரையிடப்படுகின்றன. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் இளைஞர்கள் இருட்டோடு புறப்பட்டு இங்கே வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சென்னையில் முதல் காட்சிக்குக் கதவு திறக்கும் வேளையில், ஸ்ரீராமபுரத்தாரும் சிவாஜிநகரத்தாரும் மர்ஃபி டவுன்காரர்களும் படத்தை முழுதாகப் பார்த்து முடித்து வெளியே வந்து நிற்கிறார்கள். தமிழ்நாட்டின் பெருநட்சத்திரப் படங்களுக்கு முதல் சொல் பல சமயம் நம் ஊர்த் தமிழரின் வாயிலிருந்துதான் போகிறது. அந்தப் பொறுப்பை நாம் எப்படி ஆற்றுகிறோம் என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

காட்சி முடிந்து பக்கவாட்டுக் கதவு திறக்கிறது. கூட்டம் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வருகிறது. அடுத்த காட்சிக்கு நிற்கும் வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர், வெளியே வரும் நடுத்தர வயதுக்காரரைப் பார்த்து, “எப்படிண்ணா இருக்கு?” என்று கேட்கிறார். அவர் நின்று, ஒரு கணம் யோசித்து, “ஃபர்ஸ்ட் ஆஃப் போனதே தெரியல. செகண்ட் ஆஃப்ல அரை மணி நேரம் இழுத்துட்டாங்க. ஆனா அந்த அப்பாவா வர்றவரு இருக்காரே, அவருக்காகவே பாக்கலாம், போ” என்று சொல்லிவிட்டு ஆட்டோவைத் தேடிப் போகிறார்.

நடுவர் அவர்களே, இந்தப் பதிலை நீங்கள் எடைபோட்டுப் பார்க்க வேண்டும். முதல் வரி திரைக்கதையைப் பற்றியது. இரண்டாவது வரி படத்தொகுப்பைப் பற்றியது. மூன்றாவது வரி நடிப்பைப் பற்றியது, அதுவும் சுவரொட்டியில் முகமே இடம்பெறாத ஒரு துணை நடிகரின் நடிப்பைப் பற்றியது. கதையில் ஒரு முடிச்சைக்கூட அவர் அவிழ்க்கவில்லை. குறையைச் சொன்ன அதே மூச்சில், பார்க்கலாம் என்ற பரிந்துரையையும் தந்துவிட்டார். ஆழமில்லாத பேச்சு என்று எதிரணியினர் ஒதுக்கும் பேச்சு இதுதான். இதைச் சொல்வதற்கு அவருக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. சொல்லாமல் போயிருந்தால் அவருக்கு ஓர் இழப்பும் இல்லை.

ஆழம் என்று எதைச் சொல்கிறோம் என்பதையும் இங்கே பேசியாக வேண்டும். கோலார் தங்கவயலிலிருந்து நாள்தோறும் ரயிலேறி இந்த ஊருக்கு வேலைக்கு வந்து திரும்பும் தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன. அவர்களுடைய தந்தையரும் பாட்டனாரும் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்கள். 2001-இல் அந்தச் சுரங்கம் மூடப்படும் வரை அதுதான் அவர்கள் வாழ்க்கை. அப்படி ஒரு முதியவர், சுரங்கத்தைக் களமாகக் கொண்ட ஒரு படத்தைப் பேரனுடன் பார்த்துவிட்டு வந்து சொன்னதை நான் கேட்டேன். “அவ்வளவு கீழ வேலை செய்யறவன் இப்படி மூச்சு வாங்காம வசனம் பேச முடியாதுப்பா. அங்க பாறையே சுடும். மேல ஏறி வந்து அரை மணி நேரம் கழிச்சுதான் பேச்சே வரும்” என்றார். சற்றுப் பொறுத்து, “பாறை வெடிச்சா மேல லைன் வீட்டுல பாத்திரமெல்லாம் ஆடும்; உடனே பொம்பளைங்க எல்லாம் ஷாஃப்ட்டு வாசலுக்கு ஓடி வந்து நிப்பாங்க. அத யாராவது படமா எடுக்கணும்” என்றார்.

எந்தத் திரைப்படக் கல்லூரியும் அவருக்கு இதைக் கற்றுத் தரவில்லை. அவர் சொன்னதில் ஒரு பாதி, எடுத்த படத்தின் குறை; மறுபாதி, இன்னும் எடுக்கப்படாத ஒரு காட்சி. ஓர் உதவி இயக்குநர் அந்த நேரத்தில் அருகில் நின்றிருந்தால் குறிப்பேட்டை எடுத்துக் குறித்துக்கொண்டிருப்பார். சாதாரண மனிதர்கள் தம் தொழிலையும் வீட்டையும் ஊரையும் சுமந்துகொண்டுதான் திரையரங்குக்குள் நுழைகிறார்கள், வெளியே வந்ததும் அவற்றிலிருந்துதான் பேசுகிறார்கள். தையற்காரர் உடையைப் பார்க்கிறார். மருத்துவமனையில் இரவுப்பணி செய்யும் செவிலியர், திரையில் சலைன் பாட்டில் எங்கே தொங்குகிறது என்று பார்க்கிறார். இத்தனை கண்களும் சேர்ந்து பார்ப்பதை ஒரு தனி விமர்சகர், அவர் எவ்வளவு கற்றவராக இருந்தாலும், பார்த்துவிட முடியாது. இதனால் கற்ற விமர்சகர்களை நான் சிறுமைப்படுத்துவதாக யாரும் கொள்ள வேண்டாம். ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 மதிப்பெண் கொடுத்ததை இன்றும் தமிழர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால், அந்த எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது. ஆனால் அந்தப் படத்தை வாங்க விநியோகஸ்தர்கள் முன்வராமல் தயாரிப்பாளர் ராஜ்கண்ணு தாமே வெளியிட வேண்டி வந்தபோது, ஊர் ஊராக அதைத் தூக்கி நிறுத்தியது கொட்டகையிலிருந்து வெளியே வந்தவர்களின் வாய்ச்சொல்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். ஒரு படம் வெளியாகும் முன்பும் பின்பும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள் யார் யார்? பாடல் வெளியீட்டு விழா மேடையில் பேசுகிறவர் அந்தப் படத்தில் வேலை செய்தவர், அல்லது அடுத்த படத்தில் வேலை செய்ய விரும்புகிறவர். பேட்டியில் பேசும் நடிகருக்கு ஒப்பந்தத்திலேயே விளம்பரக் கடமை இருக்கிறது. முதல் நாள் வசூல் இத்தனை கோடி என்று சுவரொட்டி அடிப்பவர் தயாரிப்பாளர். நன்றி விழா நடத்துகிறவரும் அவரே. இவர்களில் யாரும் தவறு செய்யவில்லை, அது அவர்கள் தொழில். ஆனால் இத்தனை குரல்களுக்கு நடுவே படத்தோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாத குரல் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி, உள்ளே போய், முழுதாகப் பார்த்துவிட்டு வந்தவரின் குரல். அந்த ஒரு குரலை மூன்று நாள் மூடிவைக்கச் சொல்கிறார்கள் எதிரணியினர்.

அந்தக் குரலுக்கு என்ன உரிமை என்றும் ஒருவர் கேட்டார். பெங்களூரில் வாழ்கிறவர்கள் இந்தக் கேள்விக்குத் தங்கள் பணப்பையைத் திறந்து காட்டினாலே போதும். தமிழ்நாட்டில் டிக்கெட் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கர்நாடகத்தில் நெடுங்காலமாக அப்படி ஒன்று இல்லை. 2025 செப்டம்பரில் மாநில அரசு வரி நீங்கலாக 200 ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தபோது, அதே மாதத்தில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. பெரிய படம் வெளியாகும் வாரத்தில் மல்டிபிளெக்ஸ் கட்டணம் எங்கே போய் நிற்கிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் போனால், டிக்கெட்டும் இணையப் பதிவுக் கட்டணமும் வண்டி நிறுத்தமும் பாப்கார்னும் சேர்ந்து அந்த மாதத்து மளிகைக் கணக்கில் கைவைக்கிறது. அப்படிச் செலவழித்தவர் தம் தங்கைக்கும், பக்கத்து வீட்டுக்கும், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கும் “போகலாம்” என்றோ “ஓடிடியில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்” என்றோ சொல்வது எப்படிக் குற்றமாகும்? நான்கு வாரத்தில் ஓடிடியில் வெளியிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் பார்வையாளர்கள் இல்லை.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தாய் எழுதிய இரண்டு வரியும் இதே வகை. “படம் நல்லா இருக்கு, ஆனா வெட்டுக்குத்து அதிகம். சின்னப் பசங்கள கூட்டிட்டுப் போகாதீங்க, என் பொண்ணு ராத்திரி தூங்கல.” தணிக்கை வாரியம் 2024-இல் இருந்து 7 வயது, 13 வயது, 16 வயது என்று யுஏ சான்றிதழைப் பிரித்துத் தருகிறது, நல்ல ஏற்பாடுதான். இருந்தாலும் எந்தக் காட்சியில் பிள்ளையின் கண்ணை மூட வேண்டும் என்பதை இன்னொரு தாய்தான் சொல்கிறார்.

இனி எதிரணித் தலைவரின் முதல் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். முதல் நாள் பேச்சு பெரிய படங்களை வீழ்த்துகிறது என்றார். 2024 நவம்பரில் வெளியான ‘கங்குவா’வை எடுத்துக்கொள்வோம். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் முதல் நாளே சொன்ன குறை, இரைச்சல் தாங்க முடியவில்லை, காது வலிக்கிறது என்பது. இதை ஒலி நுட்பம் தெரியாதவர்களின் புலம்பல் என்று ஒதுக்க முடிந்ததா? ஆஸ்கர் விருது பெற்ற ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே அந்த இரைச்சலைப் பற்றி வருந்தி எழுதினார். படத்தின் கதாநாயகரின் மனைவியும் நடிகையுமான ஜோதிகா, படத்துக்கு ஆதரவாக எழுதிய அதே குறிப்பில், முதல் அரை மணி நேரம் சரியாக அமையவில்லை என்றும் ஒலி உறுத்துகிறது என்றும் ஒப்புக்கொண்டார். ஒலியின் அளவை இரண்டு புள்ளி குறைத்து ஓட்டும்படி திரையரங்குகளுக்குச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில் வெளியான ‘இந்தியன் 2’, நீளம் அதிகம் என்ற பேச்சு எழுந்த சில நாட்களிலேயே சுமார் 12 நிமிடங்களைக் குறைத்துக்கொண்டது.

குறைத்தும் அந்தப் படங்கள் எழவில்லையே என்று எதிரணியினர் கேட்கக்கூடும். எழவில்லை, உண்மைதான். வெளியான பிறகு குறைத்ததால் எழவில்லை. ஒரு படத்தை எடுத்தவர்கள் அதை நூறு முறை பார்த்திருக்கிறார்கள், ஒவ்வொரு காட்சிக்கும் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும், ஆகவே எதையும் வெட்ட மனம் வராது. சமைத்தவருக்கு வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது, உப்புக் குறைவைச் சாப்பிட உட்கார்ந்தவர்தான் சொல்ல முடியும். கோடிகளைக் கொட்டி எடுக்கும் ஒரு படத்தை, வெளியீட்டுக்கு ஒரு மாதம் முன்பு, தொழிலோடு தொடர்பில்லாத ஐம்பது பேருக்குப் போட்டுக் காட்டி, அவர்கள் சொல்வதைக் கோபப்படாமல் கேட்டிருந்தால், முதல் நாள் காலையில் இணையத்தில் எழுந்த குறை அதற்குள் சரிசெய்யப்பட்டிருக்கும். இடித்துரைப்பவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல், துதிபாடுபவர்களை மட்டும் வைத்துக்கொண்ட தொழில் எதுவும் நிலைத்ததில்லை. நம் ஊரில் பேருந்து நடத்துநராக இருந்து புறப்பட்டுப் போன ரஜினிகாந்த், 2002-இல் ‘பாபா’வைப் பார்த்த மக்கள் முகம் சுளித்தபோது, மக்களைக் குறை சொல்லவில்லை. நட்டப்பட்ட விநியோகஸ்தர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் மூன்றாண்டு கழித்து அவர் திரும்பி வந்தபோது அதே மக்கள் அவரைத் தோளில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

அடுத்து அந்த மூன்று நாள் மௌனம். இதை எதிரணித் தலைவர் தம் சொந்த யோசனைபோல் சொன்னாலும், இது நீதிமன்றம் வரை போய்வந்த கோரிக்கை. 2024 டிசம்பரில், தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர் சங்கம், படம் வெளியாகி மூன்று நாட்களுக்குச் சமூக வலைதளங்களில் விமர்சனம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. விமர்சிப்பது கருத்துச் சுதந்திரத்தைச் சார்ந்தது என்று கூறி இடைக்காலத் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்துவிட்டது. அதே ஆண்டு மார்ச்சில், கேரள உயர் நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட வழக்கறிஞர், 48 மணி நேரம் பொறுத்து விமர்சிக்கலாம் என்று ஒரு பரிந்துரையை அறிக்கையில் வைத்தார். இவர்களுடைய கவலையை நான் உணர்கிறேன். கடன் வாங்கிப் படம் எடுத்தவரின் வயிற்றெரிச்சல் பொய்யில்லை. ஆனால் இந்த மௌனம் யாரைக் காப்பாற்றும், யாரைக் கொல்லும் என்பதைப் பெங்களூரிலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்.

பெரிய நட்சத்திரத்தின் படத்துக்கு இங்கே முன்பதிவிலேயே மூன்று நாளும் நிறைந்துவிடுகிறது. யார் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும் அந்த இருக்கைகள் விற்றவை விற்றவைதான். புதுமுக இயக்குநரின் சிறிய தமிழ்ப் படம் ஒன்று இதே ஊரில் எப்படி வெளியாகிறது? கன்னடம், தெலுங்கு, இந்தி, மலையாளம், ஆங்கிலம் என்று ஐந்து மொழிப் படங்கள் ஒரே வளாகத்தில் போட்டியிடும் இடத்தில், அதற்குக் கிடைப்பது பகல் பதினொரு மணிக்கு ஒரு காட்சி, இரவு பத்தே காலுக்கு ஒரு காட்சி. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு திரை, ஒயிட்ஃபீல்டில் ஒரு திரை. வெள்ளிக்கிழமை இரவு அரைக்கால்வாசி இருக்கைதான் நிறையும். அந்த வார இறுதியின் கூட்டத்தைப் பார்த்துத்தான், திங்கட்கிழமை முதல் அந்தப் படத்துக்குக் காட்சி உண்டா இல்லையா என்று திரையரங்கு முடிவு செய்கிறது. அந்தப் படத்துக்கு மெட்ரோ தூணில் விளம்பரம் இல்லை, தொலைக்காட்சியில் முன்னோட்டம் இல்லை. வெள்ளி இரவு பார்த்த இருபது பேர் சனிக்கிழமை காலையில் இருநூறு பேரிடம் “தவறவிடாதீர்கள்” என்று சொன்னால் மட்டுமே ஞாயிறு மாலை அரங்கு நிறையும். அந்த இருபது பேரின் வாயைத் திங்கட்கிழமை வரை கட்டிவைத்தால், அவர்கள் பேசத் தொடங்கும் நேரத்தில் படம் திரையில் இருக்காது. அந்த மூன்று நாள் தடையால் பெரிய முதலீட்டுக்குக் கிடைப்பது மூன்று நாள் நிழல். சிறிய படத்துக்கோ அந்த மூன்று நாள்தான் முழு ஆயுளும்.

இது கற்பனைக் கணக்கு இல்லை என்பதற்கு அண்மைக் காலமே சாட்சி. 2024 செப்டம்பர் 20-இல் வெளியான ‘லப்பர் பந்து’ பெரிய எதிர்பார்ப்பைக் கிளப்பி வந்த படம் இல்லை. ரப்பர் பந்துக் கிரிக்கெட்டையும் மாமனார் மருமகன் பூசலையும் வைத்துக்கொண்டு, ஆணவத்தையும் சாதியையும் பேசிய அந்தப் படத்தை, பார்த்தவர்கள் பார்க்காதவர்களின் கையைப் பிடித்து இழுத்துப் போனார்கள். 2025 மே 1-இல், சூர்யாவின் ‘ரெட்ரோ’ வெளியான அதே நாளில், அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞர் தம் முதல் படமான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யைக் கொண்டுவந்தார். ஈழத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒரு குடும்பத்தின் கதை. அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அந்தக் கதையை, பிழைக்க வந்த ஊரில் வாழும் நாம் எப்படி ஏற்றுக்கொண்டோம் என்பதை இந்த அரங்கில் பலர் அறிவீர்கள். குடும்பத்தோடு பாருங்கள் என்ற ஒரு சொல்தான் அந்தப் படத்தை நாளுக்கு நாள் ஏற்றிக்கொண்டு போனது.

நாம் வாழும் மண்ணின் மொழியிலும் அதுவே நடந்தது. 2025 ஜூலை 25-இல் வெளியான ‘சு ஃப்ரம் ஸோ’ என்ற கன்னடப் படத்தில் பெருநட்சத்திரம் எவரும் இல்லை. கடலோரக் கர்நாடகத்தின் ஒரு கிராமத்து நகைச்சுவைக் கதை. பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டே வந்து சொன்ன சொல்லால் இந்த நகரத்தில் காட்சிகள் கூடிக்கொண்டே போயின. என் அலுவலகக் கன்னட நண்பர் ஒருவர் தொந்தரவு செய்து அனுப்பியதால்தான் நான் போனேன். துளு கலந்த அந்தக் கன்னடம் முழுவதும் எனக்குப் புரியவில்லை, ஆனாலும் அரங்கோடு சேர்ந்து சிரித்தேன். எந்த விளம்பரமும் ஒரு தமிழரை அந்தப் படத்துக்கு அனுப்பியிருக்காது.

‘அன்பே சிவ’த்துக்கு வருகிறேன். எதிரணியின் மிக வலுவான சான்று அது என்பதால், அதற்கு நேர்மையாக விடை சொல்ல வேண்டும். 2003 பொங்கலுக்கு வந்த அந்தப் படம் திரையரங்கில் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அன்று யூடியூப் ஏது? அந்த நிறுவனமே 2005-இல்தான் தொடங்கியது. வாட்ஸ்அப் அதற்கும் பின்னால் வந்தது. இடைவேளையில் ஒரு வரி எழுதி உலகுக்கு அனுப்பும் வசதி எவர் கையிலும் இல்லாத காலத்தில் நடந்த தோல்விக்கு இன்றைய பார்வையாளரைக் குற்றவாளியாக்க முடியாது. அன்றைய தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கலாம். பண்டிகை நாளில் மக்கள் தேடி வந்தது வேறாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் படம் இன்று எங்கே நிற்கிறது என்று பாருங்கள். எந்த விருதுக் குழு அதை மீட்டது? எந்த விளம்பர நிறுவனம் அதற்குச் செலவழித்தது? தொலைக்காட்சியில் மதிய நேரத்தில் பார்த்த ஒருவர் மறுநாள் நண்பரிடம் “நேற்று பார்த்தாயா?” என்று கேட்டார். விடுதி அறையில் ஒரு மாணவர் இன்னொரு மாணவரை எழுப்பி உட்காரவைத்துப் பார்க்கவைத்தார். இப்படி ஒருவர் ஒருவராகச் சொல்லிச் சொல்லித்தான், ஓடாத படம் என்ற பெயரைத் துடைத்து, தமிழில் வந்த சிறந்த படங்களின் வரிசையில் அதை நிறுத்தினார்கள். எதிரணித் தலைவர் அந்தப் படத்தை இன்று இவ்வளவு மரியாதையோடு குறிப்பிட முடிவதே அந்தப் பேச்சு செய்த வேலையால்தான்.

காசு வாங்கிப் பேசுகிறவர்களைப் பற்றி நெடுநேரம் பேசத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதில் எங்களுக்கும் எதிரணிக்கும் கருத்து வேறுபாடே இல்லை. படத்தைப் பார்க்காமலே, வெளியாகும் முன்பே, பிடிக்காத நடிகரின் படம் என்பதற்காகக் கெட்ட சொல் பரப்புகிறவர் படம் பார்த்தவர் ஆகமாட்டார். பணம் பெற்றுக்கொண்டு அதை மறைத்துப் புகழ்கிறவர் விளம்பரதாரர், அவரை விளம்பரதாரராகவே நடத்த வேண்டும். நடிகையின் உடலையும் நிறத்தையும் ஏளனம் செய்கிறவருக்கு அவதூறுச் சட்டமும் காவல் நிலையமும் இருக்கின்றன. தவறு செய்தவரைத் தண்டிக்கச் சட்டம் இருக்கும்போது, தவறே செய்யாத லட்சக்கணக்கானவர்களுக்கு வாய்ப்பூட்டு எதற்கு? அதோடு, புகழ்ச்சிக்காகப் பணம் கொடுப்பவர்கள் யார் என்ற கேள்வியை எதிரணியினர் தொடவே இல்லை. கொடுப்பவர் இல்லாமல் வாங்குபவர் இல்லை. அந்தக் கடையை மூட வேண்டுமானால் திரைத்துறைக்குள்ளிருந்து மூட வேண்டும். விலைபேசப்பட்ட புகழ்ச்சியைக் கேட்டு ஏமாந்த மக்கள்தான், இன்று அதைவிடப் பக்கத்து வீட்டுக்காரரின் ஒரு வரியை நம்புகிறார்கள்.

நிறைவாக, நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதும்முன் ‘சேது’ என்ற ஒரு படத்தை நினைவில் கொள்ள வேண்டுகிறேன். பாலா என்ற புதிய இயக்குநர், பல ஆண்டுகளாகப் போராடிக்கொண்டிருந்த விக்ரம் என்ற நடிகர். படம் முடிந்த பிறகும் வெளிவர வழியின்றிக் கிடந்தது. சினிமாவை ஆண்டாண்டாகக் கரைத்துக் குடித்த விநியோகஸ்தர்களுக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார்கள். சோகமான முடிவு, ஓடாது என்று சொல்லி அவர்கள் எழுந்துபோனார்கள். 1999 டிசம்பரில் சென்னையில் ஒரு திரையரங்கில் பகல் காட்சியாக அது எளிமையாக வெளியானது. பார்த்துவிட்டுக் கலங்கிய கண்களோடு வெளியே வந்தவர்கள் அடுத்தவரிடம் சொன்னார்கள். அந்த அடுத்தவர் வீட்டில் சொன்னார். காட்சிகள் கூடின, அரங்குகள் கூடின, படம் நூறு நாளைக் கடந்தது, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதையும் பெற்றது. 2001-இல் அதே கதை ‘ஹுச்சா’ என்று கன்னடத்தில் எடுக்கப்பட்டு, சுதீப் என்ற நடிகரை இந்த ஊருக்கு அடையாளம் காட்டியது. இன்றும் கன்னட மக்கள் அவரைக் ‘கிச்சா’ என்று அழைப்பது அந்தப் படத்தின் பாத்திரப் பெயரால்தான்.

தொழில் தெரிந்தவர்கள் அனைவரும் முன்கூட்டியே பார்த்து, வேண்டாம் என்று தள்ளிய படம் அது. விளம்பரத்துக்குப் பணமில்லை. எதிரணியினர் கேட்கும் மூன்று நாள் தடை அன்று இருந்திருந்தால், அந்தப் பகல் காட்சிக்கு நான்காம் நாள் யார் வந்திருப்பார்கள் என்பதை எதிரணியில் அடுத்துப் பேச எழும் நண்பர் இந்த அவைக்குச் சொல்லட்டும். வாய்ப்பளித்த நடுவர் அவர்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.